கண்ணி எங்கே காணாமல் போகிறது? – பின்னல் கேள்வி பதில்

குழந்தைப் போர்வை, குல்லா, ஸ்வெட்டர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். முதலில் ஒரு குறிப்பு. குரோஷா என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் பின்னல். கீழே வரும் சிங்கிள் குரோஷா (குட்டையான கண்ணி), டபுள் குரோஷா (உயரமான கண்ணி) என்ற பெயர்கள் எல்லாம் அமெரிக்க முறைப்படி எழுதியவை. இதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மூன்றாவது பதிலில் தெரியும்.

கேள்வி: டபுள் குரோஷாவில் போர்வை போடுகிறேன். முதல் வரிசையில் 120 கண்ணி இருந்தது. 24 வரிசை முடித்துவிட்டுப் பார்த்தால், மேலே போகப் போகக் குறுகிக் கோபுரம் மாதிரி நிற்கிறது. எண்ணினால் 97தான் வருகிறது. என் கை இறுகிவிட்டதா?

கை இறுகினால் அகலம் குறையும், எண்ணிக்கை குறையாது. உங்களுக்கு எண்ணிக்கையே குறைந்திருப்பதால் கையில் தவறில்லை. கணக்கைப் பாருங்கள்: 120-க்கும் 97-க்கும் வித்தியாசம் 23. முதல் வரிசைக்குப் பிறகு நீங்கள் போட்டதும் 23 வரிசைதான். அதாவது வரிசைக்கு ஒரு கண்ணி, ஒரே இடத்தில் விட்டுப் போயிருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் வரிசையின் கடைசிக் கண்ணி.

டபுள் குரோஷாவில் திரும்பும்போது 3 சங்கிலி போடுகிறோம் அல்லவா? அந்த 3 சங்கிலியே புது வரிசையின் முதல் கண்ணி. அதனால் அதன் அடியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்குகிறோம். சரி. ஆனால் அடுத்த வரிசை இந்தப் பக்கம் வந்து முடியும்போது, அந்த 3 சங்கிலியின் உச்சியிலும் ஒரு டபுள் குரோஷா போட வேண்டும். அது மற்ற கண்ணிகளைப் போலத் தலை தூக்கி நிற்காது. ஓரத்தில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குக் கண்ணியாகவே தெரியாததால் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வரிசைக்கு வரிசை பக்கம் மாறுவதால் இரண்டு ஓரமும் சரிகிறது. ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் சரிவாகவும் இருந்தால், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் மட்டும் தவறு நடக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மருந்து ஸ்டிச் மார்க்கர். 3 சங்கிலி போட்ட உடனே மூன்றாவது சங்கிலியில் ஒரு மார்க்கரை மாட்டிவிடுங்கள். ஊக்கு மாட்டினாலும் போதும். திரும்பி வரும்போது அந்தக் கண்ணியில் போடாமல் வரிசையை முடிக்காதீர்கள். இது ஒத்துவராவிட்டால் வேறு வழியும் உண்டு: திரும்பும்போது 2 சங்கிலி மட்டும் போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல், முதல் கண்ணியிலேயே டபுள் குரோஷா போடுங்கள். கடைசியிலும் சங்கிலியைத் தொட வேண்டாம். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, ஒரே போர்வையில் இரண்டையும் கலக்கக் கூடாது.

தொடக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 120 டபுள் குரோஷாவுக்கு 122 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் முதல் கண்ணியைப் போட வேண்டும். விட்ட 3 சங்கிலி ஒரு கண்ணி, மீதி 119, ஆக 120.

போட்டதைக் காப்பாற்ற வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும். நடுவில் கண்ணியைக் கூட்டி ஒப்பேற்றினால் ஓரம் வளைந்து வளைந்து போகும். இனி 5 வரிசைக்கு ஒருமுறை எண்ணினால் போதும். 20 கண்ணிக்கு ஒரு மார்க்கர் வைத்துக்கொண்டால் எண்ணுவது அரை நிமிட வேலை.

கேள்வி: போர்வையின் தொடக்க ஓரம் மட்டும் வில் மாதிரி உள்ளே இழுத்துக்கொள்கிறது. கண்ணி எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது.

தொடக்கச் சங்கிலி இறுக்கம். சங்கிலியை மட்டும் அரை அல்லது ஒரு மி.மீ. பெரிய ஊசியில் போடுங்கள். 4 மி.மீ. ஊசியில் பின்னுவதாக இருந்தால் சங்கிலிக்கு 4.5 அல்லது 5. முதல் வரிசையிலிருந்து 4-க்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் குறிப்பு ஒன்றைப் பார்த்து பூட்டீஸ் (குழந்தைக் காலுறை) போட்டேன். சொன்ன நூல், சொன்ன ஊசிதான். பிறந்த குழந்தைக்கு என்று போட்டிருந்தது. எனக்கோ இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி, தொளதொளவென்று வந்திருக்கிறது.

அது பிரிட்டிஷ் குறிப்பாக இருக்கும், நீங்கள் அமெரிக்க முறையில் போட்டிருப்பீர்கள். இரண்டு நாட்டிலும் பெயர்கள் ஒன்றே, கண்ணிகள்தான் வேறு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க ஹாஃப் டபுள் அங்கே ஹாஃப் ட்ரெபிள், அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள், அமெரிக்க ட்ரெபிள் அங்கே டபுள் ட்ரெபிள். எல்லாமே ஒரு படி தள்ளி நிற்கும். குட்டையான கண்ணி வர வேண்டிய இடத்தில் நீங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான கண்ணியைப் போட்டிருக்கிறீர்கள்.

எந்த முறை என்று குறிப்பிலேயே எழுதியிருக்காவிட்டால் சொற்களை வைத்துப் பிடிக்கலாம். சிங்கிள் குரோஷா என்ற பெயர் வந்தால் பெரும்பாலும் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் இல்லை. (மிகப் பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் ஸ்லிப் ஸ்டிச்சை (உயரம் சேர்க்காமல் இணைக்க மட்டும் போடும் கண்ணி) சிங்கிள் என்று எழுதியிருப்பார்கள். அவை கையில் கிடைத்தால் கவனம்.) கண்ணியை விடச் சொல்லும்போது ஸ்கிப் என்றால் அமெரிக்கா, மிஸ் என்றால் பிரிட்டன். 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வர வேண்டும் என்ற அளவுக்கு கேஜ் என்றால் அமெரிக்கா, டென்ஷன் என்றால் பிரிட்டன். சந்தேகமாகவே இருந்தால் திரும்பும் சங்கிலியைப் பாருங்கள். டபுள் என்று சொல்லிவிட்டு 1 சங்கிலியோடு திரும்பச் சொன்னால் அது பிரிட்டிஷ் டபுள், அதாவது நம் சிங்கிள்.

கேள்வி: 75-க்கு 90 செ.மீ. போர்வைக்கு எத்தனை கிராம் நூல் வாங்குவது? ஒருவர் 250 என்கிறார், இன்னொருவர் 500 என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் நூலுக்கும் பின்னலுக்கும் சரியாகவே இருக்கலாம். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். ஒரே ஒரு உருண்டை வாங்கி, போர்வைக்கு நினைத்திருக்கும் அதே பின்னலில் 15-க்கு 15 செ.மீ. சதுரம் ஒன்று போட்டுச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 9 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுரத்தின் பரப்பு 225 சதுர செ.மீ.; போர்வை 6,750. அதாவது 30 சதுரம். 30 ஒன்பது 270 கிராம். பார்டருக்கும் நூல் முனைகளுக்கும் பத்து பதினைந்து சதவீதம் கூட்டினால் சுமார் 310. உருண்டை 50 கிராம் என்றால் 7 வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் டை லாட் என்று இன்னொரு எண் இருக்கும். சாயத்தொட்டி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு நிறம் தரும். உருண்டையாகப் பார்க்கும்போது தெரியாது; போர்வையில் குறுக்கே கோடு போட்ட மாதிரி நிற்கும். அப்படி மாட்டிக்கொண்டால் பழைய நூலில் 2 வரிசை, புது நூலில் 2 வரிசை என்று சில அங்குலம் மாற்றி மாற்றிப் போட்டால் கோடு கரைந்துவிடும்.

அந்தச் சதுரத்தை உடனே பிரித்துவிடாதீர்கள். துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணி எழுதி வையுங்கள். ஓரத்திலிருந்து அளக்கக் கூடாது, ஓரக் கண்ணிகள் எப்போதும் உருக்குலைந்திருக்கும்.

கேள்வி: பிறந்த குழந்தைக்குக் குல்லா போட ஓர் எளிய கணக்கு சொல்லுங்கள். நான் போட்டால் ஒன்று தட்டு மாதிரி விரிகிறது, இல்லாவிட்டால் கிண்ணம் மாதிரி குவிகிறது.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. குல்லா நெகிழும் என்பதால் 3 செ.மீ. குறைத்து 32-க்குப் போடலாம். 32-ஐ 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10. உச்சி வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. ஆகும்வரை கண்ணியைக் கூட்ட வேண்டும், பிறகு கூட்டாமல் இறங்க வேண்டும். குல்லாவின் ரகசியம் இவ்வளவுதான். 3 மாதத்துக்குத் தலை சுமார் 40, 6 மாதத்துக்கு 43, ஒரு வயதுக்கு 46 செ.மீ. என்று வைத்து இதே கணக்கைப் போடலாம்.

டிகே நூல் (நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லியது), 4.5 மி.மீ. ஊசி. உங்கள் சதுரத்தில் 10 செ.மீ.க்கு 15 டபுள் குரோஷாவும் 8 வரிசையும் வர வேண்டும். மேஜிக் ரிங்கில் (வாலை இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 3 சங்கிலி, 11 டபுள் குரோஷா. ஸ்லிப் ஸ்டிச்சால் இணைத்தால் 12. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, ஆக 24. மூன்றாம் சுற்றில் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று 36. நாலாம் சுற்றில் ஒன்று, ஒன்று, இரண்டு என்று 48. இப்போது கீழே வைத்து அளந்தால் குறுக்கே 10 செ.மீ. இருக்கும். இனி கூட்டாமல் 6 சுற்று டபுள் குரோஷா, கடைசியில் 2 சுற்று சிங்கிள் குரோஷா. உச்சியிலிருந்து விளிம்புவரை 13, 14 செ.மீ. வரும்.

டபுள் குரோஷாவில் சுற்றுக்கு 12 கூட்டினால்தான் வட்டம் படிந்து உட்காரும். சிங்கிளுக்கு 6 போதும். கூட்டல் குறைந்தால் கிண்ணம். மிஞ்சினால் ஓரம் பாவாடைக் கொசுவம் போல அலையும். ஸ்லிப் ஸ்டிச் போட்ட இடத்தைக் கண்ணி என்று நினைத்து அதிலும் ஒன்று போட்டுவிடுவதுதான் அலைவதற்கு வழக்கமான காரணம். சுற்று முடிந்ததும் எண்ணிக்கை 12, 24, 36, 48 தானா என்று பாருங்கள். மேஜிக் ரிங்கின் வாலை வட்டத்தைச் சுற்றி இரண்டு முறை எதிரெதிர்த் திசையில் கோத்து முடியுங்கள். இல்லாவிட்டால் நாலு துவைப்பில் உச்சியில் ஓட்டை விழும்.

கேள்வி: அக்ரிலிக், பருத்தி, அசல் கம்பளி. குழந்தைக்கு எது நல்லது?

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்று. உல்லன் நூல் என்று நாம் சொல்லி வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். லேபிளில் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று படித்து வாங்குங்கள்.

தினமும் துவைக்கிற குழந்தைத் துணிக்கு அக்ரிலிக் வசதி: சுருங்காது, மெஷினில் போடலாம், சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, அதனால் வெயில் காலத்துக்கு ஆகாது. பருத்தி உறிஞ்சும், மேலுக்கு இதம். ஆனால் கனம், நெகிழ்வு கிடையாது, காய நேரமெடுக்கும். பெரிய பருத்திப் போர்வை தன் எடையிலேயே நீண்டு தொங்கும். அடர்நிறப் பருத்தி என்றால், ஈரமான வெள்ளைத் துணியில் நூலைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகு தொடங்குங்கள். கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக இருக்கும். சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு, ஸ்வெட்டர் பொம்மைச் சட்டை ஆகிவிடும். கம்பளிதான் வேண்டும் என்றால் சூப்பர்வாஷ் மெரினோ எடுங்கள். செதில்களை மழுக்கியோ மேலே மெல்லிய பூச்சுக் கொடுத்தோ தயாரிப்பதால் அது இறுகாது.

மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோமம்), அங்கோரா (முயல் ரோமம்) இரண்டும் கைக்குழந்தைக்கு வேண்டாம். உதிரும் ரோமம் வாய்க்கும் மூக்குக்கும் போகும். வாங்கும் முன் நூலைக் கன்னத்திலோ தாடைக்குக் கீழேயோ வைத்துப் பாருங்கள். விரலுக்கு மெத்தென்று இருப்பது கழுத்துக்குக் குத்தலாம்.

கேள்வி: முடித்த அக்ரிலிக் போர்வையை நீராவி இஸ்திரி போட்டேன். தொட்டால் துவண்டு விழுகிறது. பழையபடி ஆக்க முடியுமா?

முடியாது. சூட்டில் இழை இளகி அதன் சுருள் போய்விட்டது. அக்ரிலிக்கைச் சீராக்க வேண்டுமானால் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, அளவுக்கு இழுத்து ஊசி குத்திக் காயவிடுவதுதான் பாதுகாப்பான வழி. லேபிளில் இஸ்திரிப் பெட்டி படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் நீராவியும் சேர்த்துத்தான் வேண்டாம் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க் கண்ணி) என்று போட்டேன். நாலு ஓரமும் சுருண்டுகொள்கிறது.

அது அந்தப் பின்னலின் சுபாவம், உங்கள் தவறு இல்லை. நிட் முகம் எல்லாம் ஒரு பக்கம், பர்ல் முகம் எல்லாம் மறுபக்கம் என்று விழுவதால் இழுவை சமமாக இல்லை. பக்கவாட்டு ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருளும். நனைத்துக் காயவைத்தால் ஒரு நாள் அடங்கும், மறுநாள் எழுந்துவிடும். இப்போதைக்குச் சுற்றிலும் மூன்று நாலு சுற்று குரோஷாப் பார்டர் போடுங்கள், ஓரளவு படியும்.

அடுத்த போர்வையில் தொடக்கத்தில் 8 வரிசையும் முடிவில் 8 வரிசையும் எல்லாமே நிட். இரு பக்கமும் முதல் 6 கண்ணியும் கடைசி 6 கண்ணியும் எந்த வரிசையிலும் நிட். இந்தச் சட்டம் போட்டுவிட்டால் நடுவில் இருப்பது சுருளாது. இல்லை, போர்வை முழுவதும் மாஸ் ஸ்டிச் போடுங்கள். ஒற்றைப்படையில் கண்ணி எடுத்து, எல்லா வரிசையிலும் நிட் ஒன்று, பர்ல் ஒன்று என்று போய் நிட்டில் முடித்தால் போதும். இரு பக்கமும் ஒரே மாதிரி, சுருளவே சுருளாது. குழந்தைப் போர்வைக்கு இதைவிட நல்ல பின்னல் இல்லை என்பது எங்கள் கட்சி.

கேள்வி: 6 மாதக் குழந்தைக்குப் போட்ட ஸ்வெட்டர் உடம்புக்குச் சரியாக இருக்கிறது, தலைக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

பெரியவர்களின் அளவை அப்படியே சுருக்கினால் இதுதான் நடக்கும். குழந்தையின் தலை உடம்பை ஒப்பிடப் பெரியது. 6 மாதத் தலை 43 செ.மீ.; கழுத்துத் திறப்பைத் தட்டையாக வைத்து இழுத்தால் குறுக்கே 22 செ.மீ.யாவது வர வேண்டும்.

கழுத்தை மூடிய வரிசையை மட்டும் பிரித்து, 1 மி.மீ. பெரிய ஊசியால் தளர்த்தி மூடிப் பாருங்கள். பெரும்பாலும் முட்டுக்கட்டை அந்த ஒரு வரிசைதான். அப்படியும் போகாவிட்டால் இடது தோள் தையலைக் கழுத்திலிருந்து 5, 6 செ.மீ. பிரித்து, இரண்டு ஓரத்திலும் குரோஷாவால் பட்டை போட்டு, இரண்டு பட்டன் வையுங்கள். அடுத்த தடவை முன்பக்கம் திறக்கிற மாதிரியே போட்டுவிடுங்கள். தலைவழியாக மாட்டுவதைப் பெரும்பாலான குழந்தைகள் விரும்புவதில்லை.

கேள்வி: நூல் முனைகளை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிடுகிறேன். துவைத்தால் அவிழ்ந்துவிடுகிறது.

முடிச்சு உறுத்தவும் செய்யும், அவிழவும் செய்யும். முனையை 15 செ.மீ. விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, கண்ணிகளின் இழையைத் துளைத்தபடி ஒரு திசையில் 5 செ.மீ., திரும்பி எதிர்த்திசையில் 5 செ.மீ., இன்னொரு முறை குறுக்கே கொஞ்சம் என்று ஓட்டுங்கள். துணியை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்ட பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். பருத்தி வழுக்கும், அதற்குக் கூடுதலாக ஒரு ஓட்டம்.

குழந்தைத் துணியில் இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பூட்டீஸுக்குள் தொங்கும் ஒரு நூல் கால்விரலைச் சுற்றி இறுக்கினால், இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருக்கும். பூட்டீஸ், கையுறை, குல்லா எதுவானாலும் உள்புறம் திருப்பி, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் ஏதாவது மாட்டினால் குழந்தைக்கும் மாட்டும். நிறம் மாற்றும்போது பின்னால் நீளமாக ஓடும் நூலும் இதில் சேர்த்தி. ஓட்டை ஓட்டையான டிசைன்களை ஒரு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் கட்டும் கயிறு, ரிப்பன் எந்த வயதுக்கும் வேண்டாம்.

கேள்வி: பின்னிய போர்வையைப் போர்த்தித் தொட்டிலில் தூங்க வைக்கலாமா?

ஒரு வயதுவரை வேண்டாம். தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சொல்லியிருக்கிறது. முகத்தை மூடினால் குழந்தையால் விலக்கிக்கொள்ள முடியாது. வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். அதிகச் சூட்டைக் குழந்தை தலை வழியாகத்தான் பெருமளவு வெளியேற்றுகிறது. போர்வை மடியில் வைத்திருக்கும்போது, தரையில் விரித்து விளையாட விடும்போது, தள்ளுவண்டியில் உங்கள் கண் முன்னால் இருக்கும்போது பயன்படட்டும். பரிசாகக் கொடுக்கிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: பார்டர் போட்டால் போர்வையின் பக்க ஓரம் மட்டும் அலை அலையாக நிற்கிறது.

கண்ணி அதிகம். மேல் ஓரத்தில் கண்ணிக்கு ஒரு சிங்கிள் குரோஷா என்று தெளிவாகத் தெரியும், பக்கத்தில்தான் தடுமாற்றம். டபுள் குரோஷா வரிசையின் பக்கத்தில் வரிசைக்கு 2 போட்டுப் பாருங்கள். அலைந்தால் 2 வரிசைக்கு 3. உள்ளே இழுத்தால் திரும்ப வரிசைக்கு 2. மூலையில் ஒரே கண்ணியில் 3. ஓரத்தை நாலாகப் பிரித்து மார்க்கர் வைத்து, முதல் கால் பகுதியை முடித்துத் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, அதே எண்ணிக்கையை மற்ற மூன்றிலும் போடுங்கள்.

கேள்வி: மூத்த குழந்தையின் ஸ்வெட்டர்களை இரண்டாவதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். அந்துருண்டை போடலாம் அல்லவா?

போடாதீர்கள். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரிவதில்லை. அக்ரிலிக்கையும் பருத்தியையும் அந்துப்பூச்சி பெரும்பாலும் சீண்டாது, அது தேடி வருவது கம்பளியை. அதிலும் பால், வியர்வைக் கறை இருக்கும் இடத்தை. நன்றாகத் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த துணி என்றால் துவைத்து, வாடை முழுக்கப் போகும்வரை காற்றாட வைத்து, வாடை போகாவிட்டால் அந்தக் குழந்தைக்குப் போடாமல் விட்டுவிடுங்கள்.